வைக்கோலின் சீனி, உமியின் சல்லடை

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சவளக்கடைப் பக்கம் போகிறவர்களுக்கு, அறுவடை முடிந்த வட்டை எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெட்டுமெசின் போன தடத்தில் வைக்கோல் வரிவரியாகக் கிடக்கும். நெல் மூடையாகி மில்லுக்குப் போய்விடும். வைக்கோலில் கொஞ்சம் மாட்டுக்கு, மிச்சத்துக்குப் பல வயல்களில் நெருப்பு. ஒரு கிலோ நெல் விளைந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ வைக்கோலும் கூடவே விளைகிறது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்த சேனநாயக்க சமுத்திரத்தின் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து வளர்த்த வெள்ளாமையில் சரிபாதி வைக்கோல்தான், அதில் ஒரு பங்கு இப்படி எரிந்து புகையாகிறது.

அந்தப் பாதிக்குள் இருப்பது சீனி. காய்ந்த வைக்கோலின் நிறையில் பாதிக்கு மேல் சீனிதான். வாயில் போட்டு மென்றால் இனிக்காது, அவ்வளவே.

சோற்றிலுள்ள மாப்பொருளும் வைக்கோலிலுள்ள செலுலோசும் ஒரே செங்கல்லால் கட்டப்பட்டவை. அந்தச் செங்கல்லின் பெயர் குளுக்கோசு. மாப்பொருளில் குளுக்கோசு மூலக்கூறுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி கோக்கப்பட்டிருக்கின்றன. அதனால் சங்கிலி சுருள்கிறது, கொதிநீர் உள்ளே புகுந்து அதை இளக்குகிறது, நம் உமிழ்நீரே அதை அறுக்கத் தொடங்கிவிடுகிறது. செலுலோசில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பிக் கோக்கப்பட்டிருக்கிறது. வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு திருப்பத்தால் சங்கிலி நேராகிறது. நேரான சங்கிலிகள் பக்கத்தில் பக்கமாக நெருங்கிப் படுத்து ஒன்றையொன்று இறுகப் பற்றுகின்றன. தண்ணீருக்கு வழியில்லை. அதை அறுக்கும் நொதியம் மனித வயிற்றில் இல்லை. மாட்டின் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களிடம் உண்டு. ஒரே செடி, ஒரே சீனி, ஒரு முனையில் சோறு, மறுமுனையில் தாள்.

இந்தப் பூட்டைத் திறக்கும் வேலை இப்போது பெரிய அளவிலேயே நடக்கிறது. இந்தியாவில் ஹரியானா மாநிலம் பானிப்பட்டில் இந்தியன் ஒயில் நிறுவனம் அமைத்த ஆலை 2022 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 இலட்சம் தொன் வைக்கோலை வாங்கி, 3 கோடி லீற்றர் எதனோல் தருவதற்காகத் திட்டமிடப்பட்டது அது. கணக்குப் போட்டால் ஒரு தொன் வைக்கோலுக்கு 150 லீற்றர். இதை நம் வயலுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஏக்கருக்கு 2 தொன் வைக்கோல் என்று வைத்தால் 300 லீற்றர் எதனோல். எதனோலில் இருக்கும் சக்தி பெற்றோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே 200 லீற்றர் பெற்றோலுக்குச் சமம். 2022இல் எரிபொருளுக்காகக் கியூஆர் அட்டையைக் காட்டி வரிசையில் நின்ற நாட்களில் ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் தந்தார்கள். ஓர் ஏக்கர் வைக்கோலில் 40 கிழமைக் கோட்டா அடங்கியிருக்கிறது.

பானிப்பட்டில் வைக்கோலை அமிலத்தாலும் நீராவியாலும் இளக்கி, நொதியங்களால் அறுத்து, வரும் சீனியை மதுவத்துக்குத் தீனியாகப் போடுகிறார்கள். மதுவம் மிகப் பழைய தொழிலாளி. ஹிங்குரானையிலும் அதுதான் வேலை செய்கிறது. சவளக்கடைக்குத் தென்மேற்கே, கல்லோயாத் திட்டத்தின் கரும்புக் காணிகளுக்கு நடுவே, 1990களில் மூடப்பட்டு 2012இல் மீண்டும் ஓடத் தொடங்கிய சீனி ஆலை அது. கரும்புச் சாற்றிலிருந்து சீனி மணியாகப் பிரிந்த பிறகு எஞ்சும் கறுத்த பாகில், மணியாக மறுத்த சீனி இன்னும் ஏராளமாக இருக்கும். அதை நொதிக்கவைத்தால் எதனோல்.

ஆனால் மதுவத்துக்குக் கூலி அதிகம். 180 கிராம் குளுக்கோசு கொடுத்தால் அது 92 கிராம் எதனோலைத் தந்துவிட்டு, 88 கிராமைக் காபனீரொட்சைட்டாகக் காற்றில் விட்டுவிடுகிறது. சக்தியில் பெரும்பகுதி எதனோலுக்குள் தங்கிவிடுகிறது என்பது உண்மை. ஆனாலும் செடி வெயிலில் நின்று சேர்த்த காபனில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வேலைக்கு நாட்கணக்கில் நேரம் வேண்டும். சூடு கூடினால் மதுவம் செத்துவிடும். வைக்கோலில் கால்பங்கு அளவுக்கு இருக்கும் ஐந்து காபன் சீனிகளைச் சாதாரண மதுவம் தொடவே தொடாது.

இந்த இடத்தில்தான் ஊக்கிகளின் கதை தொடங்குகிறது. ஒரு தாக்கத்தை விரைவுபடுத்திவிட்டுத் தான் செலவாகாமல் மீளும் பொருளே ஊக்கி. பிளாற்றினம், நிக்கல், ஒரு துளி அமிலம், துளைகள் நிறைந்த ஒரு வகைக் களிமண் என்று எதுவாகவும் இருக்கலாம். அதற்குப் பசியில்லை. 200 பாகை செல்சியசிலும் சாகாது. நாட்கணக்கு வேலையை நிமிடக் கணக்கில் முடிக்கும்.

சீனியிலிருந்து எரிபொருள் எடுப்பதில் உள்ள சிக்கலை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: ஒட்சிசன். 180 கிராம் குளுக்கோசில் காபன் 72 கிராம், ஐதரசன் 12 கிராம், ஒட்சிசன் 96 கிராம். பாதிக்கு மேல் ஒட்சிசன். பெற்றோலில் ஒட்சிசனே கிடையாது, அது முழுக்கக் காபனும் ஐதரசனும். எனவே இந்தத் துறையின் வித்தை முழுவதும், காபனை இழக்காமல் ஒட்சிசனைக் கழற்றுவதில் இருக்கிறது. மதுவம் ஒட்சிசனைக் காபனோடு சேர்த்துக் காபனீரொட்சைட்டாக வெளியேற்றுகிறது. அதையே ஐதரசனோடு சேர்த்துத் தண்ணீராக வெளியேற்றினால் ஆறு காபனும் கைக்குள் இருக்கும்.

சீனியிலிருந்து தண்ணீரைக் கழற்றுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கரமல் புடிங்குக்காக வெறும் சட்டியில் சீனியைக் கருக்கும்போது நடப்பது அதுதான். மணிகள் உருகும், ஓரத்தில் மஞ்சள் நிறம் படரும், பிறகு தேன் நிறம், பிறகு சட்டென்று செம்மண் நிறம். ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாத சட்டியிலிருந்து ஆவி எழும். அந்த ஆவி சீனி மூலக்கூறுக்குள்ளேயே கட்டுண்டிருந்த ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து பிறந்த தண்ணீர். இறக்க அரை நிமிடம் பிந்தினால் கசந்து கறுத்துவிடும் என்பதும் சமைப்பவர்களுக்குத் தெரியும். இரசாயனவியலாளரைப் பல ஆண்டுகள் அலைக்கழித்ததும் அந்த அரை நிமிடம்தான்.

பிரற்றோசு என்ற பழச்சீனியிலிருந்து சரியாக மூன்று தண்ணீர் மூலக்கூறுகளைக் கழற்றினால் எச்.எம்.எஃப். என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொருள் கிடைக்கிறது. ஐதரொட்சிமெதயில் பர்பியூரல் என்பது அதன் முழுப்பெயர். கரமலிலும் பாணின் கருகிய மேலோட்டிலும் கோப்பியிலும் இது கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஆறு காபனும் அதில் பத்திரமாக இருக்கின்றன. நான்கு காபனும் ஓர் ஒட்சிசனும் சேர்ந்த ஒரு வளையம், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு காபன் கை. அந்தக் கைகளை ஒரு விதமாகத் திருத்தினால் பிளாஸ்ரிக், இன்னொரு விதமாகத் திருத்தினால் எரிபொருள். ஆனால் அது உருவான தண்ணீருக்குள்ளேயே தொடர்ந்து இருந்தால் தன் இனத்தோடும் மிச்சச் சீனியோடும் ஒட்டிக்கொண்டு, ஹியூமின் எனப்படும் கரையாத கறுப்புக் கசடாகிவிடும். கசடிலிருந்து மீட்சி இல்லை.

அமெரிக்காவின் விஸ்கொன்சின்-மடிசன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டுமேசிக்கின் குழு 2006, 2007 ஆண்டுகளில் இதற்குக் காட்டிய வழி இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஒரே பாத்திரத்தில் இரண்டு திரவங்கள். கீழே அமிலம் கலந்த சீனித் தண்ணீர், மேலே அதோடு கலக்காத பியூற்றனோல். கீழே எச்.எம்.எஃப். பிறந்த உடனே மேல் அடுக்குக்கு ஏறித் தப்பிவிடும். கருகுவதற்கு அவகாசம் கிடையாது. மேல் அடுக்கு அதை இன்னும் வலுவாக இழுக்க வேண்டுமே, என்ன செய்வது? கீழே உப்புப் போட்டார்கள். சாதாரணச் சாப்பாட்டு உப்பு. உப்பு தண்ணீர் மூலக்கூறுகளைத் தன்னோடு கட்டிப்போட, அங்கே இடமில்லாத எச்.எம்.எஃப். மேலே தள்ளப்பட்டது.

மேலே சேர்ந்ததைச் செம்பும் ருதேனியமும் கலந்த ஊக்கியின் மீது ஐதரசனோடு ஓடவிட்டார்கள். மேலும் இரண்டு ஒட்சிசன் தண்ணீராகக் கழன்றது. கிடைத்தது டைமெதயில்பியூரன் என்ற நீர்ம எரிபொருள். ஆறு ஒட்சிசனோடு புறப்பட்ட சீனியில் இப்போது எஞ்சியது ஒன்றே ஒன்று. ஒரு லீற்றரில் எதனோலைவிட 40 சதவீதம் கூடுதல் சக்தி. இன்னொரு நன்மை நம்மைப் போன்ற கரையோரத்தாருக்கு உடனே விளங்கும். எதனோல் ஈரக்காற்றிலிருந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். இது தண்ணீரோடு சேராது.

இதுவரை சொன்னது பிரற்றோசின் கதை. வைக்கோலில் இருப்பதோ குளுக்கோசு. இரண்டுக்கும் அணுக்கள் ஒன்றே, அடுக்குத்தான் வேறு. ஒன்றை மற்றதாக மாற்ற வேண்டும். 2010இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மார்க் டேவிஸின் குழு இதற்குச் சியோலைட்டு ஒன்றைக் கொண்டுவந்தது. சியோலைட்டு என்பது சிலிக்கனும் ஒட்சிசனும் பெரும்பாலும் அலுமினியமும் சேர்ந்த பளிங்கு. அதற்குள் ஒரே அளவான நுண்துளைகள் வரிசையாக ஓடும். மூலக்கூறுகளை அளவு பார்த்து உள்ளே விடுவதால் இதை மூலக்கூற்றுச் சல்லடை என்றும் சொல்வார்கள். டேவிஸ் குழு எடுத்த பீற்றா வகையின் துளைவாய் ஏறத்தாழ 0.7 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். குளுக்கோசு நுழையப் போதுமான வாசல். உள்ளே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிலிக்கன் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளீய அணுவை அமர்த்தினார்கள். உள்ளே நுழையும் குளுக்கோசின் ஒட்சிசனை வெள்ளீயம் பற்றிக்கொள்ளும். ஓர் ஐதரசன் ஒரு காபனிலிருந்து பக்கத்துக் காபனுக்குத் தாவும். வெளியே வருவது பிரற்றோசு. 110 பாகையில் அரை மணிநேரத்தில் குளுக்கோசில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாறியது.

ஒரு கிராம் சியோலைட்டை உள்ளங்கையில் வைத்தால் ஒரு சிட்டிகை வெள்ளைத்தூள். அதன் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்ப முடிந்தால் 20 பேர்ச் காணியை மூடும். அந்தக் காணி முழுவதும் ஒரே நேரத்தில் வேலை நடக்கிறது.

வைக்கோலிலிருந்து இந்தச் சீனியை வெளியே எடுப்பதற்கும் ஊக்கிப் பாதை ஒன்று உண்டு. காமா-வலெரோலக்ரோன் என்ற கரைப்பான், கொஞ்சம் தண்ணீர், மிகச் சிறிதளவு அமிலம். இந்தக் கலவையைச் சூடாக்கி மரத்தூள் வழியே ஓடவிட்டு, அதிலிருந்த சீனியில் 70 முதல் 90 சதவீதத்தைப் பிரித்தெடுக்கலாம் என்று டுமேசிக்கின் குழு 2014இல் காட்டியது. செலுலோசைச் சுற்றிச் சிமெந்துபோல் இறுகியிருக்கும் இலிக்னினும் அதில் கரைந்துவிடுகிறது. அந்தக் கரைப்பானும் தாவரச் சீனியிலிருந்தே செய்யப்படுவது. வைக்கோலில் பிறந்தது வைக்கோலைக் கரைக்கிறது.

இவையெல்லாம் நேற்றைய ஆய்வுகூடச் செய்திகள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனத்திடம் ஓட்ஸ் தானியத்தின் உமி மலையாகக் குவிந்து கிடந்தது. நம் மில்களின் பின்புறம்போல. 1922இல் அவர்கள் அந்த உமியை அமிலத்தோடு நீராவியில் வேகவைத்து, மதுவம் தொடாத ஐந்து காபன் சீனியிலிருந்து மூன்று தண்ணீரைக் கழற்றி, பர்பியூரல் என்ற எண்ணெயை வடிக்கத் தொடங்கினார்கள். வாதுமை வாசம் வீசும் அந்த எண்ணெய் பிசின்களுக்கும் கரைப்பான்களுக்கும் மூலப்பொருளாயிற்று. 1940களின் இறுதியில் டுபொன்ட் நிறுவனம் அதிலிருந்து நைலோனுக்கே மூலப்பொருள் செய்தது. பர்பியூரலை 1832இலேயே உலகுக்கு அறிவித்தவர் டோபெரைனர் என்ற ஜெர்மானியர். நுண்துகள் பிளாற்றினத்தின் மீது ஐதரசனைப் பாய்ச்சி, தீக்குச்சி இல்லாமல் தீ மூட்டும் விளக்கைச் செய்தவரும் இவரே. ஊக்கிக்கு ஒரு பெயர் வைக்கப்படும் முன்பே அதை மேசைமேல் வேலைசெய்ய வைத்தவர்.

இன்று காலை பல் துலக்கியபோதும் ஊக்கி மாற்றிய சீனி உங்கள் வாய்க்குள் போயிருக்கும். பற்பசைக்கு இனிப்பும் ஈரமும் தரும் சோபிற்றோல், குளுக்கோசை நிக்கல் போன்ற உலோகத்தின் மீது ஐதரசனோடு சேர்த்துச் செய்யப்படுவது. உயிர்ச்சத்து சி மாத்திரையின் தயாரிப்பும் அதே சோபிற்றோலில்தான் தொடங்குகிறது.

இனி ஆகாயத்துக்குப் போவோம். சீனியிலிருந்து விமான எரிபொருள் செய்ய அதன் ஒட்சிசனைக் கழற்ற வேண்டும், அதற்கு ஐதரசன் வேண்டும். அந்த ஐதரசனை எங்கிருந்து வாங்குவது? 2002இல் கோர்ட்ரைட், டவ்டா, டுமேசிக் மூவரும் தந்த பதில் என்னை இன்னும் வியக்க வைக்கிறது: சீனியிலிருந்தே. சீனிக் கரைசலை அழுத்தத்துக்குள் அடைத்து, ஆவியாக விடாமல் 225 பாகைக்கு மேல் சூடாக்கி, பிளாற்றினத்தின் மீது ஓடவிட்டார்கள். சீனி உடைந்தது, தண்ணீரும் கூட உடைந்தது, இரண்டின் ஐதரசனும் வாயுவாக வெளியே வந்தது. சீனியில் ஒரு பங்கைப் பலியிட்டால் மறு பங்கின் ஒட்சிசனைக் கழற்ற வழி பிறந்துவிடும். கோர்ட்ரைட் இதைக் கொண்டு அதே ஆண்டில் விரென்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

அங்கே அடுத்த கட்டத்தில் இன்னொரு சியோலைட்டு வருகிறது: மோபில் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 1972இல் காப்புரிமை பெற்ற இசட்-எஸ்-எம் 5. இதன் துளைகள் பீற்றாவைவிட ஒடுக்கம், 0.55 நனோமீற்றர். ஒட்சிசன் குறைந்த துண்டுகள் உள்ளே போய் ஒன்றோடொன்று கூடி வளையமாகின்றன. பெரிய வளையமாக வளர முயன்றால் வாசல் விடாது. எனவே வெளியே வருவது பெற்றோலில் இருக்கும் அதே அரோமற்றிக்கு வளையங்கள், அளவாக.

விமானத்துக்கு இந்த வளையங்கள் ஏன் முக்கியம் தெரியுமா? எரிபொருள் குழாய்களின் பொருத்துகளில் இறப்பர் வளையங்கள் இருக்கின்றன. அரோமற்றிக்குகளை உறிஞ்சி அவை சற்றே வீங்கும். அந்த வீக்கம்தான் கசிவை அடைக்கிறது. பொரித்த எண்ணெயிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் செய்யும் பசுமை எரிபொருளில் இந்த வளையங்கள் இல்லை. ஆகவே அதைப் பழைய மண்ணெண்ணெயோடு கலந்தே நிரப்ப வேண்டியிருந்தது. 2021 டிசெம்பர் 1ஆம் திகதி யுனைடெட் எயர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று நூறுக்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு சிக்காகோவிலிருந்து வொஷிங்டனுக்குப் பறந்தது. அதன் இரு இயந்திரங்களில் ஒன்றுக்குள் போனது, தாவரச் சீனியிலிருந்து விரென்ட் செய்த வளையங்களும் சேர்ந்த, துளி நிலத்தடி எண்ணெயும் கலக்காத எரிபொருள். 2023 நவம்பர் 28ஆம் திகதி வேர்ஜின் அட்லாண்டிக்கின் விமானம் இரு இயந்திரங்களிலும் அத்தகைய எரிபொருளோடு இலண்டனிலிருந்து நியூயோர்க்குக்கு அட்லாண்டிக்கைத் தாண்டியது. தொட்டியில் 88 சதவீதம் கழிவுக் கொழுப்பிலிருந்து வந்தது, 12 சதவீதம் சீனியிலிருந்து. அந்த எண்பத்தெட்டில் இல்லாத வளையங்களைத் தந்தது அந்தப் பன்னிரண்டுதான்.

எச்.எம்.எஃப்.பின் கைகளை இன்னொரு விதமாகத் திருத்தினால் பிளாஸ்ரிக் என்றேனே, அதற்கான மூலப்பொருளைச் செய்யும் ஆலையை நெதர்லாந்தின் டெல்ஃப்சேலில் அவன்ரியம் நிறுவனம் 2024இல் திறந்தது. அந்தப் பிளாஸ்ரிக்கில் செய்த போத்தல், இன்று நாம் சோடா குடிக்கும் போத்தலைவிட வாயுவை நன்றாகவே அடைத்து வைக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, வட்டையிலுள்ள வைக்கோலையெல்லாம் அள்ளி ஆலைக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொற்றாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது. 2021இல் இரசாயன உரம் கிடைக்காமல் தவித்த விவசாயிக்கு அதன் அருமை தெரியும். வைக்கோலில் ஒரு பங்கு மண்ணுக்கே திரும்ப வேண்டும். தவிர, அது இடத்தை அடைக்கும் பண்டம். ஒரு லொறி நிறைய ஏற்றினாலும் ஏறுவது பெரும்பாலும் காற்றுத்தான். மழை பிடித்தால் அழுகும். ஊக்கியைக் கண்டுபிடிப்பதைவிட வைக்கோலைச் சேர்த்துக் கொண்டுவருவதே பல இடங்களில் கடினமான வேலையாக இருக்கிறது.

உமிக்கு அந்தச் சங்கடம் இல்லை. நெல்லின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கான அது, ஏற்கெனவே மில் வாசலில் குவிந்து கிடக்கிறது. அதற்குள்ளும் செலுலோசு இருக்கிறது, பர்பியூரல் தரும் ஐந்து காபன் சீனி இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. நெற்பயிர் வேர் வழியாகச் சிலிக்காவை உறிஞ்சி உமியில் கவசமாகப் படியவைக்கிறது. உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. சியோலைட்டுக்கு வேண்டிய முதன்மைச் சரக்கு அதுவே. உமிச்சாம்பலிலிருந்து இசட்-எஸ்-எம் 5, பீற்றா இரண்டையுமே ஆய்வுகூடங்களில் வளர்த்திருக்கிறார்கள். சீனி கிடைக்கும் குவியலிலேயே சீனியை மாற்றும் சல்லடைக்கான பொருளும் கிடைக்கிறது.

எரிக்கும் விதம்தான் முக்கியம். 700 பாகைக்குக் கீழே நிதானமாக எரித்தால் சாம்பல் வெளிறி வரும், சிலிக்கா ஒழுங்கற்ற நிலையிலேயே இருக்கும், சோடாக் காரத்தில் எளிதில் கரையும். அடுப்பு அதற்கு மேல் மிகவும் சூடேறினால் சிலிக்கா பளிங்காக இறுகிவிடும், பிறகு கரைப்பது பெரும்பாடு. நெல் அவிக்கும் அடுப்பில் உமி போடுகிறவர் காற்றைக் கூட்டிக் குறைத்து அந்தச் சூட்டைத் தன் கைக்குள் வைத்திருக்கிறார்.